எச்டி 122563: மங்கலான ஒரு முதிய பெருமீனைப் படிப்படியாக அளப்பது எப்படி?

எச்டி 122563 ஒரு செம்பெருமீன். பூட்டிஸ் மண்டலத்தில் இருக்கிறது. அதன் பொலிவெண் (எண் கூடக்கூட மீன் மங்கல்) 6.19, அதாவது நல்ல இருட்டிலும் வெறுங்கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் நிற்கும் பொலிவு. சூரியனைவிட நிறை குறைந்த விண்மீன் இது. மையத்து ஹைட்ரஜனை எரித்துத் தீர்த்துவிட்டு ஊதிப் பெருத்திருக்கிறது. இதன் தூரம், வெப்பநிலை, ஆரம், ஒளிர்திறன் (வெளிவிடும் மொத்த ஒளியாற்றல்), பரப்பீர்ப்பு (பரப்பில் உள்ள ஈர்ப்பு), நிறை ஆகியவற்றை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தரவுகளைக் கொண்டு, ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு நீங்களே கணக்கிடலாம். பத்தாம் வகுப்புக் கணக்கும் மடக்கை போடத் தெரிவதும் போதும்.

பிரகாசமான சுவாதியையோ ரோகிணியையோ விட்டுவிட்டு இந்த மங்கல் மீனை எடுப்பதற்குக் காரணம் உண்டு. விண்மீன்களை அளக்கும் முக்கியமான முறைகள் எல்லாமே இதன்மேல் பயன்படுத்திப் பார்க்கப்பட்டவை: இடமாறு தோற்றம், கோணவிட்டம், நிறமாலை, அதிர்வு. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் பல ஆண்டுகள் முரண்டு பிடித்தன. அதனால் எங்கே வழுக்கும் என்பது இந்த ஒரு மீனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தொடங்கும் முன்

ஒரு விரிதாளைத் திறந்து ஐந்து நெடுவரிசை போடுங்கள்: பண்பு, மதிப்பு, பிழை, அலகு, எந்தத் தரவு. கடைசி நெடுவரிசையைப் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து "இந்தத் தூரம் எங்கிருந்து வந்தது?" என்று தேடும்போதுதான் அதன் அருமை புரியும்.

பயன்படுத்தப் போகும் மாறிலிகள் இவை: சூரியனின் பரப்பு வெப்பநிலை 5772 கெல்வின். சூரியனின் மொத்தத் தனிப் பொலிவெண் (10 பார்செக், அதாவது 32.6 ஒளியாண்டு தூரத்தில் வைத்தால் எல்லாப் பட்டைகளிலும் சேர்த்து வரும் பொலிவெண்) 4.74. சூரியனின் பரப்பீர்ப்பின் மடக்கை 4.438 (சென்டிமீட்டர்–விநாடி அலகில்).

தரவுக்கு இரண்டு இடங்கள் போதும். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் தரவு மையம் நடத்தும் சிம்பாத் தளத்தில் விண்மீனின் பெயரைக் கொடுத்தால் ஆயங்கள், பொலிவெண்கள், இடமாறு எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். அதே மையத்தின் விசியே தளத்தில் மூலப் பட்டியல்களைத் தனித்தனியாகத் திறந்து பார்க்கலாம். சிம்பாத் காட்டும் மதிப்புகள் வெவ்வேறு பட்டியல்களிலிருந்து திரட்டியவை. ஒவ்வொன்றும் எந்த ஆண்டினது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எச்டி என்பது ஹென்றி டிரேப்பர் பட்டியலின் சுருக்கம். மற்றப் பட்டியல்களில் இந்த மீனுக்கு வேறு பெயர்களும் உண்டு: எச்ஆர் 5270, ஹிப் 68594. ஆய்வுக் கட்டுரைகளில் எது வேண்டுமானாலும் வரலாம். எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் வேறொரு மீனின் தரவு சத்தமில்லாமல் உங்கள் தாளில் ஏறிவிடும். ஆயங்களைச் சரிபார்த்துக்கொள்வதே பாதுகாப்பு: வல ஏற்றம் 14 மணி 02 நிமிடம் 32 விநாடி, நடுவரை விலக்கம் +9 பாகை 41 நிமிடம்.

படி 1: வானில் பார்ப்பது

கணக்குக்கு இது தேவையில்லை. ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சுவாதியிலிருந்து தெற்கே, சற்று மேற்காக, ஏறக்குறைய 10 பாகை இறங்குங்கள். 10×50 இருகண்ணோக்கியில் எளிதாகத் தெரியும். அந்தப் பகுதியில் இதே பொலிவில் வேறு மீன்களும் இருப்பதால் விண்மீன் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

+9 பாகை 41 நிமிடம் என்ற விலக்கம் யாழ்ப்பாணத்தின் அட்சரேகையை ஒட்டியது. அங்கே இந்த மீன் ஏறக்குறைய தலையுச்சிக்கே வந்து கடக்கும். மதுரையில் அது உச்சியிலிருந்து கால் பாகை மட்டுமே தள்ளியிருக்கும். ஏப்ரல் கடைசி வாரத்தில் நள்ளிரவிலும், ஜூன் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணி வாக்கிலும் உச்சியில் நிற்கும். காற்று மண்டலத்தின் தடிமன் மிகக் குறைவான இடம் உச்சிதான் என்பதால் பொலிவெண்ணை நீங்களே அளக்க நினைத்தால் இதைவிட வசதி கிடையாது.

படி 2: தூரம்

பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள விண்மீன் பின்புலத்தின்மேல் சற்றே இடம் மாறித் தெரிகிறது. அந்த இடமாறு கோணம் வில்விநாடியில் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) தெரிந்தால் 1-ஐ அதனால் வகுத்தால் தூரம் பார்செக்கில் வரும். பட்டியல்கள் கோணத்தை மில்லி வில்விநாடியில் தருவதால் 1000-ஐ வகுக்க வேண்டும். ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு.

இந்த மீனின் இடமாறு பல தடவை வெளியானது. அவற்றில் மூன்று, மில்லி வில்விநாடியில்:

ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் மறுபகுப்பாய்வு, 2007: 4.22 ± 0.35. தூரம் 237 பார்செக்.

கையா செயற்கைக்கோளின் இரண்டாம் வெளியீடு, 2018: 3.44 ± 0.06. தூரம் 290 பார்செக்.

கையா மூன்றாம் வெளியீடு: 3.10 ± 0.03. தூரம் 323 பார்செக்.

ஒரே மீன்தான். 237-க்கும் 323-க்கும் இடையே 36 சதவீத வேறுபாடு. ஒளிர்திறன் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அங்கே வேறுபாடு 86 சதவீதமாகிவிடும். பழைய கட்டுரையில் ஒளிர்திறன் 232 என்றும் புதிதில் 400-க்கு மேல் என்றும் பார்த்தால் குழம்ப வேண்டாம். விண்மீன் மாறவில்லை, தூரம் மாறியிருக்கிறது. பழைய ஆரத்தையும் புதிய ஒளிர்திறனையும் ஒரே அட்டவணையில் கலப்பதுதான் உண்மையான தவறு. தூரத்தை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் மீண்டும் கணக்கிட வேண்டும்.

பிழையைக் கவனியுங்கள். 4.22-இல் 0.35 என்பது 8 சதவீதம். 3.10-இல் 0.03 என்பது 1 சதவீதம். பிழை 10 சதவீதத்தைத் தாண்டினால் 1-ஐ இடமாறால் வகுக்கும் எளிய வழி நம்பத்தக்கதல்ல. தூரத்தில் மங்கித் தெரியும் பெருமீன்களுக்கு இடமாறு எதிர்ம எண்ணாகக்கூட வரும். அது அச்சுப் பிழை அல்ல, அளவின் இரைச்சல் இடமாறைவிடப் பெரிது என்று பொருள். அத்தகைய மீனை முதல் பயிற்சிக்கு எடுக்காதீர்கள்.

கையா இடமாறுகளில் சிறு அமைப்புப் பிழையும் உண்டு. மூன்றாம் வெளியீட்டில் இடமாறே தெரியாத அளவுக்குத் தொலைவிலுள்ள குவாசர்களைக் (ஒளிமிகுந்த விண்மீன்திரள் மையங்களை) கொண்டு சோதித்தபோது இடமாறுகள் சராசரியாக 0.017 மில்லி வில்விநாடி குறைவாக வருவது தெரிந்தது. இந்த மீனுக்கு அது ஒரு சதவீதத்துக்குள் அடங்கும் என்பதால் முதல் கணக்கில் விட்டுவிடலாம். ஆயிரக்கணக்கான பார்செக் தொலைவு மீன்களுக்கு விட முடியாது.

படி 3: பொலிவும் தூசியும்

வி வடிகட்டியில் (பச்சை–மஞ்சள் ஒளி) பொலிவெண் 6.19. தனிப் பொலிவெண் காண, பார்செக் தூரத்தின் மடக்கையை 5-ஆல் பெருக்கி, 5-ஐக் கழித்து, வரும் எண்ணைத் தோற்றப் பொலிவெண்ணிலிருந்து கழியுங்கள்.

தூரத்தை முழு எண்ணாக்காமல் 322.6 என்று போட்டால், 5 × மடக்கை(322.6) − 5 = 7.54. ஆகவே 6.19 − 7.54 = −1.35.

இடையிலுள்ள தூசி ஒளியை மறைத்திருந்தால் அதையும் கழிக்க வேண்டும். இந்த மீன் பால்வழித் தளத்திலிருந்து 60 பாகைக்கும் மேலே, தூசி குறைந்த திசையில் இருப்பதால் மறைப்பு 0.01 அளவுதான். இதுவே பால்வழிப் பட்டைக்குள் கிடக்கும் மீன் என்றால் கதை வேறு. தூசியால் பி−வி நிறம் (நீல வடிகட்டிப் பொலிவெண்ணிலிருந்து வி பொலிவெண்ணைக் கழித்தது) 0.03 சிவந்தால் வி பொலிவு அதன் 3.1 மடங்கு, அதாவது 0.09 குறையும். ஒளிர்திறனில் அது 9 சதவீதம்.

படி 4: வெப்பநிலை

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

பி−வி நிறத்திலிருந்து வெப்பநிலை தரும் சூத்திரம் ஒன்று இணையத்தில் எங்கும் கிடைக்கிறது. நிறத்தை 0.92-ஆல் பெருக்குங்கள். அதோடு 1.7 கூட்டி அதன் தலைகீழியும், 0.62 கூட்டி அதன் தலைகீழியும் எடுத்துக் கூட்டி, 4600-ஆல் பெருக்குங்கள். எச்டி 122563-இன் பி−வி 0.90. பெருக்கல் 0.828. தலைகீழிகள் 0.396, 0.691. கூட்டல் 1.086. விடை 4996 கெல்வின்.

விடை தவறு. உண்மையில் இதன் வெப்பநிலை 4600 கெல்வினை ஒட்டியது. 350 கெல்வினுக்கு மேல் பிசகியதற்குக் காரணம் சூத்திரம் அல்ல, விண்மீனின் வேதியியல். சாதாரண விண்மீன்களின் வளிமண்டலத்தில் இரும்பு போன்ற உலோகங்கள் நீலப் பகுதியில் ஆயிரக்கணக்கான உட்கவர் கோடுகளைப் போட்டு நீல ஒளியை அடைத்துவிடும். எச்டி 122563-இல் இரும்பு சூரியனில் உள்ளதில் ஏறக்குறைய 400-இல் ஒரு பங்கு. அடைக்க ஆளில்லாததால் நீல ஒளி தாராளமாக வெளியேறி, மீன் தன் வெப்பநிலைக்கு மீறி நீலமாகத் தெரிகிறது. சூத்திரம் அதை வெப்பம் என்று எடுத்துக்கொள்கிறது. ஒளிர்திறன் வெப்பநிலையின் நான்மடியைச் சார்ந்தது. ஆரத்தை நிலையாக வைத்தால் இந்தப் பிழை ஒளிர்திறனை 35 சதவீதம் உயர்த்திவிடும்.

மாற்று வழிகள் இரண்டு.

முதலாவது, வி−கே நிறம். கே என்பது 2.2 மைக்ரோமீட்டர் அகச்சிவப்புப் பட்டை. அங்கே உலோகக் கோடுகளின் குறுக்கீடு குறைவு. இந்த மீனின் கே பொலிவெண் 3.73 அளவு, ஆகவே வி−கே 2.46. இதைக் கொண்டு கோணவிட்டத்தையே (விண்மீனின் வட்டு நம் கண்ணுக்குப் பிடிக்கும் கோணம்) மதிப்பிடலாம். 2005-இல் டி பெனடெட்டோ வெளியிட்ட பரப்புப் பொலிவுத் தொடர்பு இப்படிப் போகும்: 2.656 + 1.483 × (வி−கே) − 0.044 × (வி−கே)². இந்த மீனுக்கு 6.04 வரும். அதிலிருந்து வி பொலிவெண்ணைக் கழித்து 0.2-ஆல் பெருக்கினால் −0.03. பத்தின் அடுக்காக அதை ஏற்றினால் 0.93 மில்லி வில்விநாடி. எச்சரிக்கை ஒன்று: 2மாஸ் அகச்சிவப்புப் பட்டியலில் 4-ஐவிடப் பிரகாசமான மீன்களின் அளவுகள் உணரி ஒளியால் நிரம்பி வழிந்ததால் கெட்டிருக்கலாம். பிழை நெடுவரிசையில் 0.2, 0.3 என்று இருந்தால் அந்த எண்ணைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, நேரடி அளவு. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் உள்ள சாரா குறுக்கீட்டுமானி ஆறு தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்து விண்மீனின் கோணவிட்டத்தையே அளக்கிறது. 2012-இல் வெளியான அளவு 0.940 ± 0.011, 2018-இல் வெளியானது 0.926 ± 0.011 மில்லி வில்விநாடி. வீட்டிலிருந்து இரண்டு பொலிவெண்ணைக் கொண்டு நாம் போட்ட 0.93 எவ்வளவு அருகில் வந்திருக்கிறது பாருங்கள். குறுக்கீட்டுமானி எட்டாத மீன்களுக்கு வி−கே வழியே போதும் என்று துணிந்து சொல்லலாம்.

கோணவிட்டத்தோடு மொத்த ஒளிப்பாயமும் வேண்டும். புறஊதா முதல் அகச்சிவப்பு வரை எல்லாப் பட்டைகளிலும் பூமிக்கு வந்து சேரும் ஆற்றல் அது. இந்த மீனுக்கு 13.2, அலகு 10⁻⁸ எர்க் / சதுர சென்டிமீட்டர் / விநாடி. இதைக் கோணவிட்டத்தின் இருமடியால் வகுத்து, இரண்டு தடவை வர்க்கமூலம் எடுத்து, 2341-ஆல் பெருக்கினால் வெப்பநிலை வரும்.

13.2 ÷ 0.926² = 15.39. நான்காம் மூலம் 1.981. விடை 4637 கெல்வின்.

0.940 என்று போட்டால் 4602 வரும். இரண்டும் அளவுப் பிழைக்குள் ஒத்துப்போகின்றன. 4636 ± 37 என்ற வெளியான மதிப்பையே மேற்கொண்டு பயன்படுத்துவோம்.

கோணவிட்டத்தில் இரண்டு வகை உண்டு. விண்மீனின் வட்டு நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கியும் இருக்கும். அந்த ஓரமங்கலைக் கணக்கில் எடுக்காத சீர்வட்டு விட்டம் உண்மையைவிட இரண்டு மூன்று சதவீதம் சிறிதாக வரும். கட்டுரைகளில் இரண்டும் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். எப்போதும் ஓரமங்கல் திருத்தம் செய்ததையே எடுங்கள். மாற்றி எடுத்தால் வெப்பநிலை 70 கெல்வின் வரை கூடிவிடும்.

படி 5: ஆரம்

மிக எளிது. கோணவிட்டம் (மில்லி வில்விநாடி) × தூரம் (பார்செக்) × 0.1075. விடை சூரிய ஆரத்தில்.

0.926 × 322.6 × 0.1075 = 32.1.

பழைய தூரம் 237 என்றால் 23.6. நடுத் தூரம் 290 என்றால் 28.9. மூன்றையும் தாளில் எழுதி வையுங்கள், படி 7-இல் தேவைப்படும்.

சூரியனின் இடத்தில் இதை வைத்தால் பரப்பு 0.15 வானியல் அலகு வரை நீளும். புதனின் பாதையில் பாதித் தூரம்கூட இல்லை. "பெருமீன்" என்றதும் பூமியையே விழுங்குவதாகக் கற்பனை செய்ய வேண்டாம். அந்த அளவுக்கு ஊதுவது இதற்கும் மேலான கட்டங்களில்.

படி 6: ஒளிர்திறன்

(ஆரம்)² × (வெப்பநிலை ÷ 5772)⁴.

32.1² = 1030. (4636 ÷ 5772)⁴ = 0.416. பெருக்கினால் 429. அதாவது 430 சூரியன்கள்.

வேறு வழியிலும் சரிபாருங்கள். படி 3-இல் வி தனிப் பொலிவெண் −1.35 வந்தது. வி பட்டைக்கு வெளியே போகும் ஒளிக்காக ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும், இந்த மீனுக்கு −0.49. மொத்தம் −1.84. 4.74-இலிருந்து அதைக் கழித்தால் 6.58. 2.5-ஆல் வகுத்தால் 2.632. பத்தின் அடுக்காக 429. ஒத்துவருகிறது. திருத்தத்தின் குறியைத் தவறாகப் போட்டால் விடை 174 என்று வரும். இரண்டு வழியும் 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் முதலில் இந்தக் குறியைத்தான் சோதிக்க வேண்டும்.

பிழைக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆரத்தின் பிழையை இரண்டால், வெப்பநிலையின் பிழையை நான்கால் பெருக்கி இணைத்து ஒளிர்திறனின் பிழை என்று எழுதினால் அது வீங்கிப்போகும். காரணம், இரண்டுக்குள்ளும் ஒரே கோணவிட்டம் ஒளிந்திருக்கிறது. கோணவிட்டம் கூடினால் ஆரம் கூடும், வெப்பநிலை குறையும். ஒளிர்திறனில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். எஞ்சுவது ஒளிப்பாயமும் தூரத்தின் இருமடியும் மட்டுமே. எனவே இங்கே ஒளிர்திறனின் பிழை ஏறக்குறைய 3 சதவீதம்தான்.

படி 7: பரப்பீர்ப்பும் நிறையும்

தனி விண்மீனின் நிறையை நேரடியாக எடை போட வழியில்லை. சுற்றிவரும் துணைமீன் இருந்தால் அதன் சுற்றுப்பாதை சொல்லிவிடும், இங்கே அந்த உதவி இல்லை. அதனால் நிறையை ஊகித்து ஈர்ப்பைக் காணலாம், அல்லது ஈர்ப்பை அளந்து நிறையைக் காணலாம்.

முதல் வழி. இவ்வளவு உலோகம் குறைந்த, 12–13 பில்லியன் ஆண்டு வயதான விண்மீன் இப்போது பெருமீனாகியிருக்க வேண்டுமானால் அதன் நிறை சூரியனில் 0.8 பங்கு அளவில் இருக்க வேண்டும் என்று பரிணாம மாதிரிகள் சொல்கின்றன. சூத்திரம்: 4.438 + மடக்கை(நிறை) − 2 × மடக்கை(ஆரம்). எண்களைப் போட்டால் 4.438 − 0.097 − 3.013 = 1.33. பத்தின் அடுக்காக 21 சென்டிமீட்டர் / விநாடி². பூமியின் ஈர்ப்பில் 46-இல் ஒரு பங்கு. இந்த விண்மீனின் சராசரி அடர்த்தி நம் மூச்சுக்காற்றில் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்குதான்.

இரண்டாவது வழி அதிர்வு. பெருமீன்களின் மேற்பரப்பு கொதித்துக் குமுறுவதால் விண்மீன் முழுதும் மெல்ல அதிர்கிறது. ஈர்ப்பு குறையக் குறைய அதிர்வு மெதுவாகும். கேனரித் தீவுகளின் டெனெரிஃபேயில் உள்ள சாங் தொலைநோக்கி கொண்டு இந்த மீனின் ஆரத்திசை வேகத்தை (நம்மை நோக்கியும் விலகியும் நகரும் வேகம்) தொடர்ந்து அளந்து, அதிர்வின் உச்ச அதிர்வெண் 3.07 மைக்ரோஹெர்ட்ஸ் என்று 2019-இல் வெளியிட்டார்கள். ஒரு அதிர்வுக்கு 3.77 நாள். சூரியனில் இதே அதிர்வு ஐந்து நிமிடத்தை ஒட்டியது, அதிர்வெண் 3100 மைக்ரோஹெர்ட்ஸ் அளவு.

ஈர்ப்பு விகிதம் = (3.07 ÷ 3100) × (4636 ÷ 5772)-இன் வர்க்கமூலம் = 0.000888. மடக்கை −3.05. சூரியனின் 4.438-உடன் கூட்டினால் 1.39.

இப்போது அந்த மூன்று ஆரங்களை எடுங்கள். ஈர்ப்பு விகிதத்தை ஆரத்தின் இருமடியால் பெருக்கினால் சூரிய நிறையில் விடை வரும்.

ஆரம் 23.6 என்றால் நிறை 0.49. 28.9 என்றால் 0.74. 32.1 என்றால் 0.91.

முதல் விடையைப் பாருங்கள். 0.49 சூரிய நிறையுள்ள விண்மீன் மைய ஹைட்ரஜனை எரித்து முடிக்கப் பிரபஞ்சத்தின் 13.8 பில்லியன் ஆண்டு வயதே போதாது. அது பெருமீனாகியிருக்க முடியாது. ஆக, புதிய இடமாறு இல்லாமலேயே அதிர்வையும் கோணவிட்டத்தையும் கொண்டு 237 பார்செக் தூரம் தவறு என்று காட்டிவிடலாம். ஒரு பண்பை மட்டும் தனியே கணக்கிட்டு நிறுத்தக் கூடாது என்று இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான். அளவுகளில் ஒன்று கெட்டிருந்தால் மற்றவை அதைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசி விடை 0.91-உம் சற்று அதிகம்தான். அவ்வளவு நிறையுள்ள, உலோகம் குறைந்த மீன் சீக்கிரமே வாழ்ந்து முடித்திருக்கும். அதிர்விலிருந்து நிறை காணும் தொடர்பு சூரியனை அடிப்படையாகக் கொண்டு அளவீடு செய்யப்பட்டது. உலோகம் குறைந்த பெருமீன்களுக்கு அது நிறையைச் சற்றுக் கூட்டிக் காட்டும் போக்குடையது என்பது பிற ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது. எனவே 0.8 என்று வைத்து, ஈர்ப்பை 1.33 முதல் 1.39 வரை என்று எழுதுவதே நேர்மை.

நிறமாலையிலிருந்து கிடைக்கும் ஈர்ப்பை இந்த மீனுக்கு நம்ப வேண்டாம். நடுநிலை இரும்பு, அயனியான இரும்பு இரண்டின் கோடுகளும் ஒரே இரும்பு அளவைத் தரும்வரை ஈர்ப்பைத் திருகுவது வழக்கமான முறை. உலோகம் குறைந்த வளிமண்டலத்தில் புறஊதா ஒளி தடையின்றிப் புகுந்து நடுநிலை இரும்பைக் கூடுதலாக அயனியாக்கிவிடுகிறது. எளிய சமநிலைக் கணக்கில் இது இடம்பெறாது. அதனால் ஈர்ப்பு 1.1 போன்ற குறைந்த மதிப்பில் வந்து நிற்கும். பழைய கட்டுரைகளில் அப்படிப்பட்ட எண்களைப் பார்ப்பீர்கள்.

படி 8: உலோகச் செறிவு

இதை வீட்டில் அளக்க முடியாது. உயர் பிரிதிறன் நிறமாலை வேண்டும். வெளியான மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்: இரும்புச் செறிவு −2.6 அளவு. மடக்கை அளவுகோல் என்பதால் 10-இன் 2.6 அடுக்கு, அதாவது 400-இல் ஒரு பங்கு. 1963-இல் வாலர்ஸ்டைன், கிரீன்ஸ்டைன் முதலானோர் எச்டி 165195, எச்டி 221170 ஆகியவற்றோடு சேர்த்து இதன் கடும் உலோகக் குறைவை வெளிப்படுத்தினார்கள். ஸ்ட்ரான்சியம், இட்ரியம், சிர்கோனியம் ஆகியவை பேரியம், யூரோப்பியத்தோடு ஒப்பிட இதில் கூடுதலாக இருப்பதால் கன தனிமங்களின் பிறப்பை ஆராய்பவர்களுக்கு இன்றும் இது முக்கியமான மீன்.

படி 9: எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

ஒளிர்திறன் 430, வெப்பநிலை 4636, ஈர்ப்பு 1.3. இந்த மூன்றும் சேர்ந்தால் இடம் தெரிந்துவிடும். மையத்தில் ஹீலியத்தை அமைதியாக எரிக்கும் பெருமீன்களுக்கு ஈர்ப்பு 2.4 வாக்கில் இருக்கும், ஒளிர்திறன் 50 முதல் 100-க்குள். எச்டி 122563 அதற்கு வெகு மேலே. ஹீலிய மையம் இன்னும் எரியாமல் இறுகிக் கிடக்க, அதைச் சுற்றிய ஓட்டில் ஹைட்ரஜன் எரியும் செம்பெருமீன் கிளையில் ஏறிக்கொண்டிருக்கிறது. கிளையின் நுனியில் ஒளிர்திறன் ஏறக்குறைய 2,000. ஹீலியம் திடீரெனப் பற்றிக்கொள்ளும் இடம் அது. அங்கே போய்ச்சேர இன்னும் ஐந்து மடங்கு பிரகாசிக்க வேண்டும்.

இதற்குத் தனிச் சாட்சியும் இருக்கிறது. கார்பன்–12, கார்பன்–13 விகிதம் சூரிய மண்டலத்தில் 89. இங்கே ஏறக்குறைய 5. உள்ளே அணுவினை நடந்த பொருள் மேலே கலந்து வந்தால்தான் விகிதம் இவ்வளவு சரியும். அந்தக் கூடுதல் கலப்பு கிளையில் பாதிக்கு மேல் ஏறிய பிறகே நடக்கும்.

வயதுக்குத் தனியாக ஒரு எண் போட வேண்டாம். கிளையில் ஏறிய மீன்களுக்கு ஒளிர்திறனும் வெப்பநிலையும் வயதை ஏறக்குறைய காட்டுவதே இல்லை. நிறையில் 0.05 மாறினால் வயது பில்லியன் கணக்கில் நகரும். "10 பில்லியன் ஆண்டுக்கு மேல்" என்று எழுதினால் போதும்.

விடையை எழுதும் முறை

தூரம் 323 ± 4 பார்செக். வெப்பநிலை 4636 ± 37 கெல்வின். ஆரம் 32.1 ± 0.5. ஒளிர்திறன் 430 ± 13. நிறை 0.8 (மாதிரியிலிருந்து). ஈர்ப்பின் மடக்கை 1.33 ± 0.03, அதிர்விலிருந்து 1.39.

கால்குலேட்டர் 32.1132 என்று காட்டினாலும் பிழை 0.5 என்றால் 32.1-க்கு மேல் எழுதுவதில் பொருளில்லை. அளந்ததையும் ஊகித்ததையும் ஒரே வரியில் கலக்காமல், நிறைக்குப் பக்கத்தில் "மாதிரியிலிருந்து" என்று குறித்ததைப் போல ஒவ்வொன்றுக்கும் குறியுங்கள்.

அடுத்த பயிற்சிக்கு எச்டி 221170-ஐயும் எச்டி 165195-ஐயும் எடுக்கலாம். இரண்டும் இதே குடும்பம், ஆனால் இன்னும் மங்கல். எச்டி 165195-க்கு முன்னால் கணிசமான தூசி இருப்பதால் படி 3-இல் "0.01 அளவுதான்" என்று தாண்டிப்போக முடியாது. மறைப்பு மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, வி−கே கோணவிட்டமும் வெப்பநிலையும் எவ்வளவு நகர்கின்றன என்று முதலில் விரிதாளில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு ஆரத்துக்குப் போங்கள்.